பாடசாலை வான் செயலியை நம்பி வேலையை விடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் நான் விளங்கிக்கொண்ட விதத்தில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளை ஏற்றும் பாடசாலை வான்கள் இந்த நிமிடத்தில் எங்கே வருகின்றன என்பதைப் பெற்றோர் கைபேசியிலேயே பார்க்கும்படி ஒரு செயலி செய்ய விரும்புகிறீர்கள். கூகுள் படிவம் அனுப்பி 40 பெற்றோரிடம் கேட்டதில் 36 பேர் "கட்டாயம் பாவிப்போம்" என்று பதில் தந்திருக்கிறார்கள். கையில் 8 இலட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஒரு தொழில் யோசனையை உறுதிப்படுத்துவது எப்படி என்று பொதுவாகக் கேட்டிருந்தாலும், உங்கள் மனதில் இருப்பது அந்த 36 பேரை நம்பி வேலையை விடலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் படிவத்தில் "ஆம்" என்று அழுத்துவதற்கு அவர்களுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. செலவில்லாத "ஆம்" எதற்கும் சாட்சியாகாது.

இதைச் சொந்தப் பணத்தைக் கொட்டித்தான் கற்றுக்கொண்டேன். 2016இல் நானும் இரண்டு நண்பர்களும் புறக்கோட்டைத் துணி மொத்த வியாபாரிகளுக்காக இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினோம். எழுத முன் கேட்கவில்லை என்று எவரும் எங்களைக் குறைசொல்ல முடியாது: இரண்டாம் குறுக்குத் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் 34 கடைகள் ஏறி இறங்கினோம். எல்லா முதலாளிமாரும் தேநீர் தந்து, "நல்ல வேலை தம்பி, செய்துகொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார்கள். பதினொரு மாதம் உழைத்து முடித்துக் கொண்டுபோனபோது இரண்டே கடைகள் அதைப் பொருத்திக்கொண்டன. ஒன்று மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டது. மற்றதில் நாங்கள் வைத்த கணினியின் மேல் பில் கொப்பிகள் அடுக்கப்பட்டிருந்தன. பணம் கொடுத்தவர் எவருமில்லை. முதலாளிக்குத் தன் இருப்பு அடுக்குகளைப் பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். அதை இலக்கமாக்கித் திரையில் போட்டால் மைத்துனரும் கடைப் பையன்களும் பார்ப்பார்கள் என்பது அவருக்கு வசதியாக இருக்கவில்லை. இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கணினி மேல் பில் கொப்பிகள் அடுக்கியிருந்த அந்தக் கடையில் காசு மேசைக்குப் பின்னால் வங்கி கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்கியது. ஒவ்வொரு திகதிப் பெட்டியிலும் பென்சிலால், எறும்பு ஊர்வதுபோல் சிறிய எழுத்தில், "குருநாகல் 85", "அக்கரைப்பற்று 1.20" என்று ஊரும் தொகையுமாக எழுதியிருக்கும். வெளியூர்க் கடைக்காரர்கள் சரக்கெடுக்கும்போது கொடுத்துவிட்டுப் போன பின்திகதியிட்ட காசோலைகளை வங்கியில் போட வேண்டிய நாட்கள் அவை. திரும்பி வந்த காசோலையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். தினமும் மாலையில், மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் கடைசி லொறியை ஏற்றி முடிக்கும் நேரத்தில், முதலாளி கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துத் தொலைபேசியில் பேசுவார். அவருடைய தலைவலி முழுவதும் அந்தச் சுவரில்தான் இருந்தது. நாங்கள் ஏறத்தாழ ஒரு வருடம் அதே சுவருக்கு எதிரே உட்கார்ந்து எங்கள் திரையை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது முறை ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஒரு சாதாரணக் கொப்பி, ஒரு கைபேசி. ஆறு கடைகளின் காசோலைத் திகதிகளை எழுதி வாங்கி, அடுத்த மூன்று நாட்களுக்குரியவற்றைத் தினமும் மாலை ஐந்து மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மாதம் 1,500 ரூபாய், முற்பணம். நான்கு பேர் கொடுத்தார்கள், இரண்டு பேர் சிரித்துக்கொண்டே மறுத்தார்கள். நான்கில் மூன்று பேர் அடுத்த மாதமும் கொடுத்தார்கள். அந்த ஏழு கொடுப்பனவுகள் 34 பாராட்டுகள் சொல்லாததைச் சொல்லின. அது பின்னர் பெரிய நிறுவனமாகவில்லை, ஆனால் சோறு போட்டது.

இதிலிருந்தும், பிற்பாடு மற்றவர்களின் முயற்சிகளை அருகிருந்து பார்த்ததிலிருந்தும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மனிதர் எதிர்காலத்தில் தாம் செய்யப்போவதைப் பற்றிச் சொல்வது நம்பத்தக்கதல்ல, ஏற்கெனவே செய்ததைப் பற்றிச் சொல்வது ஓரளவு நம்பத்தக்கது, கண்ணெதிரே செய்வது அதைவிட நம்பத்தக்கது. ஆகவே "இப்படியொரு செயலி வந்தால் பாவிப்பீர்களா" என்ற கேள்வியை முற்றாகக் கைவிடுங்கள். அது ஒரு பெற்றோரை உங்களுக்கு மரியாதை காட்டும் நிலையில் வைக்கிறது. நம்மவர்கள் முகத்துக்கு நேரே ஒருவரின் ஆசையை முறிக்க மாட்டார்கள், அதுவும் ஊரவர், உறவினர், பக்கத்து மாடிவீட்டார் என்றால் சொல்லவே வேண்டாம். அதற்குப் பதிலாக, "கடைசியாக எப்போது வான் பிந்தியது? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த நாளை அவர் தடுமாறாமல் விவரித்தால், யாருக்கு அழைத்தார், எத்தனை தடவை அழைத்தார், அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்தாரா, முச்சக்கரவண்டிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று சொன்னால், அங்கே ஒரு சிக்கல் உயிரோடு இருக்கிறது. "அப்படிப் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை" என்று யோசித்துச் சொன்னால், அவர் படிவத்தில் என்ன அழுத்தியிருந்தாலும் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் யோசனைக்கு ஒரு போட்டியாளர் ஏற்கெனவே இருக்கிறார், அவர் இலவசம் என்பதையும் மறக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு, வெள்ளவத்தையில் ஏதோவொரு ஒழுங்கையின் முனையில் தண்ணீர்ப் போத்தலோடும் தூக்கக் கலக்கத்தோடும் நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், தாய் கைபேசியைக் காதில் வைத்து, "அண்ணா, எங்க நிக்கிறீங்க?" என்று கேட்கிறார், "ஹேவ்லொக் வீதியில திரும்பிட்டேன் அக்கா" என்று பதில் வருகிறது. முடிந்தது. அந்த ஒரு நிமிட அழைப்பு போதாமல் போகும் இடம் எது என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். காலையை விட, ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்ட பிறகு, பெற்றோர் இருவரும் வேலையில் இருக்க, வீட்டில் அம்மம்மா மட்டும் காத்திருக்கும் நேரத்தில் அந்த இடம் இருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஊகம்தான், நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

உங்கள் படிவம் அடியோடு தவறவிட்ட ஒருவர் வான் சாரதி. செயலி அவருடைய கைபேசியில்தான் ஓடப்போகிறது. மின்கலமும் டேட்டாவும் அவருடையவை. அவர் எங்கே வேகமாகப் போனார், பிள்ளைகளை இறக்கிய பின் நண்பகலில் வேறு எந்த ஓட்டத்துக்குப் போனார், எந்தத் தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நின்றார் என்பதெல்லாம் பதினைந்து வீடுகளுக்குத் தெரியப்போகிறது. இதில் அவருக்கு என்ன இலாபம்? ஓட்டிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்புகள் குறையும் என்பது ஒன்று. அது உண்மையிலேயே அவருக்குத் தொல்லைதானா என்பது நமக்குத் தெரியாது. என் அனுபவத்தில் சாரதிகள் அலுத்துக்கொள்வது மாதக் கட்டணத்தை வசூலிப்பது பற்றியும், விடுமுறை மாதத்துக்கு முழுக்கட்டணமா அரைக்கட்டணமா என்ற ஓயாத வழக்கைப் பற்றியும்தான். அனுமதி கேட்டுக்கொண்டு மூன்று காலைகளும் மூன்று மதியங்களும் ஒரு வானின் முன்னிருக்கையில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். படிவத்துக்குச் செலவிட்ட நேரத்தைவிட இது அதிகம் கேட்கும். உங்களுடைய நாட்காட்டி எந்தச் சுவரில் தொங்குகிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டிய சோதனைக்கும் செயலி தேவையில்லை. வட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிரும் வசதி 2017 முதல் இருக்கிறது. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று தெரிவுசெய்யலாம். ஒரு சாரதியோடு பேசி, அவருடைய டேட்டாச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, இரண்டு வாரம் பாடசாலை ஓட்டத்தின்போது மட்டும் வான் குழுவில் அதைப் பகிரச் செய்யுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வட்ஸ்அப் உங்களுக்குச் சொல்லாது, ஆகவே வேறொரு வழியில் அறிய வேண்டும்: மூன்றாவது வாரம் முன்னறிவிப்பின்றிப் பகிர்வதை நிறுத்திவிட்டு, யார் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். பதினைந்து பெற்றோரில் எட்டுப் பேர் "அண்ணா, இன்றைக்கு ஏன் காட்டவில்லை?" என்று கேட்டால் உங்களிடம் ஏதோ இருக்கிறது. இரண்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால், அந்த மௌனம் 36 ஆம்களையும் விழுங்கிவிடும். கொடுத்துப் பார்ப்பதைவிட எடுத்துப் பார்ப்பதே தேவையை நன்றாகக் காட்டும் என்பது நான் பல தடவை கண்டது. சாரதி முதல் வாரத்திலேயே பகிர மறந்துபோகிறாரா என்பதையும் குறித்துவையுங்கள். அவர் மறக்கிறார் என்றால் அதுவும் ஒரு பதில்.

கேட்டவர்களிடம் அடுத்த நாளே பணம் கேளுங்கள். மாதம் 200 ரூபாய், முற்பணம், வேண்டாமென்றால் திருப்பித் தரப்படும் என்ற உறுதியோடு. கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் பணம் கேட்கும் வரை நீங்கள் நடத்துவது சமூகசேவை, பணம் கேட்ட பிறகுதான் அது வியாபாரச் சோதனை. பணம் மட்டும்தான் அளவுகோல் என்று நான் சொல்லவில்லை: ஒருவர் தம் பாடசாலைப் பெற்றோர் சங்கத்தில் உங்களைப் பேச வைத்தால், தம் வான் சாரதியை அழைத்துவந்து அறிமுகம் செய்தால், அவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார். அதையும் கணக்கில் சேர்க்கலாம். "வாழ்த்துகள்" என்ற சொல்லை மட்டும் சேர்க்க வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம், ஏனெனில் நல்ல மனமுள்ள இளைஞர்கள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒரு வானில் 15 பிள்ளைகள், அதில் 10 வீடுகள் 200 ரூபாய் வீதம் கொடுக்கின்றன என்று வைத்தால், வானுக்கு மாதம் 2,000 ரூபாய். ஒத்துழைக்கும் சாரதிக்கு அதில் மூன்றிலொரு பங்கு கொடுத்தால் உங்களிடம் ஏறத்தாழ 1,350 ரூபாய் மிஞ்சும். மாதம் 2 இலட்சம் ரூபாய் வருமானம் காண ஏறத்தாழ 150 வான்கள் தேவை. ஒவ்வொரு சாரதியையும் நேரில் சந்தித்துப் பேசித்தான் சேர்க்க முடியும். வாரத்துக்கு இரண்டு பேரைச் சேர்த்தாலும் 75 வாரம், அதாவது ஒன்றரை வருடம். மாதம் ஒரு இலட்சம் செலவென்றால் உங்கள் 8 இலட்சம் எட்டு மாதத்தில் தீரும். இதில் விடுமுறை மாதங்களை நான் கழிக்கவேயில்லை. பெற்றோர் விரும்புகிறார்கள் என்பது முழு உண்மையாக இருந்தாலும் இந்தக் கணக்கு உங்களைக் கவிழ்த்துவிடும். அமெரிக்காவில் வெப்வேன் என்ற நிறுவனம் 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வீட்டுக்கு மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. வாங்கியவர்களுக்கு அது பிடித்தேயிருந்தது, ஆனால் பெரும் களஞ்சியங்களைக் கட்டி முடிக்கும் வேகத்துக்கு வாடிக்கையாளர் சேரவில்லை, 2001 ஜூலையில் வங்குரோத்தானது. அதே 1999இல் சப்போஸ் என்ற இணையச் சப்பாத்துக் கடையை நிறுவிய நிக் ஸ்வின்மேர்ன் களஞ்சியம் எதையும் கட்டவில்லை. பக்கத்துச் சப்பாத்துக் கடைகளில் படமெடுத்து இணையத்தில் போட்டு, யாராவது வாங்கினால் கடைக்குப் போய் முழுவிலைக்கு வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு சோடியிலும் நட்டம்தான். ஆனால் போட்டுப் பார்க்காமல் மனிதர் சப்பாத்து வாங்குவார்களா என்ற ஒரேயொரு சந்தேகத்துக்கு அந்த நட்டம் மலிவான விலை. 2009இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது. நீங்கள் வட்ஸ்அப்பில் செய்யப்போவதும் அதே முறைதான், இன்னும் குறைந்த செலவில்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும் என்று கேட்பீர்கள். இங்கே உறுதி குறைகிறது. எழுமாற்றாகத் தேர்ந்தெடுத்தவர்கள் என்றால், ஐந்திலொரு பெற்றோருக்கு இருக்கும் சிக்கலை 5 பேரிடம் பேசிக் கேட்டுவிடும் வாய்ப்பு 67 விழுக்காடு, 10 பேரிடம் பேசினால் 89 விழுக்காடு. 20 பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை என்றால், அந்தச் சிக்கல் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இல்லாத ஒன்றை இல்லையென்று காட்டச் சிறிய எண்ணிக்கை போதும். இருக்கிறது என்று நிறுவத்தான் போதாது. உங்கள் 40 பேரோ எழுமாற்றாக வந்தவர்கள் அல்லர், உங்கள் கைபேசியில் இருந்தவர்கள். பேஸ்புக் விளம்பரம் போட்டுப் பதிவுகளை எண்ணும் முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 200 பேர் அழுத்தி 6 பேர் பதிவு செய்தால் அது 3 விழுக்காடு. ஆனால் அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மை 1 விழுக்காடாகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் உங்கள் தொழிலின் வாழ்வும் சாவும் கிடக்கின்றன. தோற்ற நிறுவனங்களில் 42 விழுக்காடு சந்தைத் தேவை இல்லாததால் தோற்றன என்று அடிக்கடி சொல்லப்படும் எண்ணும் 2014இல் சிபி இன்சைட்ஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், நிறுவுநர்கள் தாமே எழுதிய 101 தோல்விக் கட்டுரைகளைத் தொகுத்துப் பெற்றது. தன் தோல்விக்குத் தானே எழுதிய மரண விசாரணையை எவ்வளவு நம்பலாம் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

இந்த முறைகளுக்கு எல்லையும் உண்டு. கோப்புகளை இணையத்தில் சேமிக்க உதவும் டிரொப்பொக்ஸ் 2008இல் ஒரு சிறு காணொளியை வெளியிட்டபோது காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000இலிருந்து 75,000 ஆனதாக அதன் நிறுவுநர் ட்ரூ ஹவுஸ்டன் சொல்லியிருக்கிறார்; ஆனால் அந்தக் காணொளி கணினி ஆர்வலர்கள் கூடும் இடத்தில், அவர்களுடைய பாஷையிலேயே போடப்பட்டது. வெள்ளவத்தைத் தாய்மாருக்கு அப்படியொரு கூடுமிடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சோதனை நடந்த காலத்துக்கு மட்டுமே அது சாட்சி என்பதும் நினைவிருக்கட்டும். 2022 பெப்ரவரியில் இதே வான் சோதனையைச் சிறப்பாக முடித்திருந்தாலும், அந்த ஆண்டு ஜூனில் எரிபொருள் வரிசைகள் நீண்டு கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்த முடிவுகள் குப்பைக்குப் போயிருக்கும். நல்ல சோதனை ஒரு தவறான யோசனையைக் கொல்லும். ஒரு யோசனை வெல்லும் என்று எந்தச் சோதனையும் உத்தரவாதம் தராது.

சட்டப்பக்கம் இரண்டு விடயங்கள். பிள்ளைகள் இருக்கும் வானின் இருப்பிடத்தைச் சேமிக்கப்போகிறீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் தொடர்பான தரவைச் சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. சோதனைக் கட்டத்தில் எதையும் சேமிக்காதீர்கள், செயலி கட்டும் நிலை வந்தால் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நான் சட்டம் படித்தவன் அல்லன். அடுத்தது, உங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே செய்வதையும் உரிமைகோரும் வாசகங்கள் சிலவற்றில் இருக்கும். எது எப்படியிருந்தாலும் அலுவலக மடிக்கணினியில் இதைத் தொடவே தொடாதீர்கள். தொழிற்பெயர் பதிவு, கம்பனிப் பதிவு எல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். பணம் கொடுக்கும் முதல் பத்துப் பேர் வர முன் இலச்சினை வரைந்து முகவரி அட்டை அச்சடித்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சோதனையைத் தொடங்க முன் உங்கள் எல்லைக்கோட்டைத் தாளில் எழுதித் திகதியிட்டு, உங்களுக்கு ஆமாம் போடாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்: மூன்று வான்கள், ஏறத்தாழ 45 வீடுகள், அவற்றில் இத்தனை வீடுகள் இரண்டாம் மாதமும் பணம் கொடுத்தால் தொடர்வேன், இத்தனைக்குக் குறைந்தால் விடுவேன் என்று. நானாக இருந்தால் 20 என்று எழுதுவேன். அந்த எண்ணுக்கு எந்தச் சாத்திரமும் இல்லை, பின்னால் மாற்ற முடியாதபடி எழுதி வைப்பதுதான் முக்கியம். 12 வீடுகள் வந்த இரவில் "12உம் நல்ல தொடக்கம்தானே" என்று மனம் சொல்லத் தொடங்கும், அப்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். முன்னிருக்கைப் பயணம், பகிர்வது, நிறுத்துவது, இரண்டு மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று மாதம் பிடிக்கும், அதுவும் வேலைக்குப் போகும் முன்னும் பாதிநாள் விடுப்பிலும் செய்துவிடலாம். தவணை தொடங்கிய முதல் வாரத்திலேயே சாரதியிடம் பேசிவிடுங்கள். நடுவில் விடுமுறை வந்தால் வானும் நின்றுவிடும், உங்கள் எண்ணிக்கையும் நின்றுவிடும்.